எந்தச் சேவியர்?

இனயத்தில் போய் "சேவியரைப் பாக்கணும்" என்று விசாரித்தால், பதிலுக்குக் கேள்விதான் வரும்: "எந்தச் சேவியரு?" அப்பா பெயரைச் சொன்னாலும் தீராது. அப்பா அந்தோணியாகவோ மரியதாசாகவோ இருப்பார், அந்தப் பெயரிலும் ஊரில் பலர் உண்டு. குருசடிக்குப் பக்கத்து வீடா, வள்ளம் வைத்திருப்பவரா, வளைகுடாவில் இருந்து வந்தவரா என்று ஒவ்வொன்றாகக் கழித்து, கடைசியில் ஊர் வைத்த வட்டப்பேரைச் சொன்ன பிறகுதான் ஆள் பிடிபடுவார். குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில் உள்ள இந்தக் கடற்கரை ஊருக்கு மட்டும் உரிய சங்கதி இல்லை இது. முட்டம், கடியப்பட்டணம், மிடாலம் என்று குமரிக் கரை நெடுக இதே கதைதான்.

ஒரே பெயர் கொண்ட புகழ்பெற்றவர்களை வரிசைப்படுத்துவது பொதுவாகப் பொழுதுபோக்கு வேலை. உலகத்து யோவான்களையும் மரியாக்களையும் முகமதுகளையும் பட்டியல் போட்டால் பக்கம் நிறையும், தகவல் என்று ஒன்றும் தேறாது. அந்தப் பெயர்கள் அவ்வளவு பழையவை, அவ்வளவு பரவலானவை. சுசீந்திரத்தைச் சுற்றிய ஊர்களில் கிடைக்கும் தாணு, தாணுமாலயன், தாணுலிங்கம் போன்றவை இதற்கு நேர்மாறு. கோவில் கோபுரம் கண்ணுக்குத் தெரியும் தொலைவில் செறிந்து கிடக்கும், திருவனந்தபுரம் வரை போய் ஒரு பட்டம் தாணுப்பிள்ளையை முதலமைச்சராக்கும், அதற்கப்பால் அரிதாகிவிடும். சேவியர் இந்த இரண்டிலும் சேராது. ஒரு மனிதனோடு தொடங்கிய பெயர் அது. ஆட்பெயராக அது எப்போது நடமாடத் தொடங்கியது, யார் கையில் ஏறி எந்தெந்த நாட்டுக்குப் போனது என்று ஓரளவு துல்லியமாகச் சொல்லிவிடலாம். ஆகவே சேவியர்களின் பட்டியல் தற்செயல்களின் குவியல் இல்லை. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஒரு காரணம் இருக்கிறது, அதைத் தேடினால் கிடைக்கவும் செய்கிறது.

முதலில் அது ஊரின் பெயர். இன்றைய ஸ்பெயினின் வடக்கே, பாஸ்க் மொழி பேசும் நவார் நாட்டில் இருந்த ஒரு கோட்டைக்கும் அதன் நிலத்துக்கும் உரிய பெயர். 1506 ஏப்ரல் 7 அன்று அந்தக் கோட்டையில் பிறந்த கடைக்குட்டிக்கு இட்ட பெயர் பிரான்சிஸ்கோ. தகப்பன் வழிக் குடும்பப்பெயர் ஜாஸோ; சேவியர் தாய்வழிச் சொத்தோடு வந்தது. நவாரை ஸ்பெயின் 1512இல் விழுங்கியது. 1516இல் கோட்டையின் கோபுரங்களை இடித்துத் தள்ளினார்கள். பையன் 1525இல் பாரிசுக்குப் படிக்கப் போனான். அங்கே லொயோலா இஞ்ஞாசியாரோடு ஏற்பட்ட பழக்கம் 1534இல் மோமார்த் குன்றில் எடுத்த சபதத்தில் முடிந்தது. இயேசு சபை அங்கிருந்து முளைத்ததுதான். இடிக்கப்பட்ட கோட்டையின் பெயரை இவர் தூக்கிக்கொண்டு வராமல் இருந்திருந்தால், நவாருக்கு வெளியே அதை இன்று யாரும் உச்சரித்துக்கொண்டிருக்க மாட்டார்கள்.

1542 மே 6இல் கோவாவில் இறங்கியவர், அந்த ஆண்டே முத்துக்குளித்துறைக்கு வந்து பரதவர் ஊர்களில் மணியடித்துக்கொண்டு திரிந்தார். செபங்களைத் தமிழில் பெயர்க்க வைத்து மனப்பாடம் செய்திருந்தார். 1544இன் கடைசி இரண்டு மாதங்களில் மேற்குக் கரைக்கு வந்தார். முக்குவர் ஊர்களில் ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் திருமுழுக்குக் கொடுத்ததாக 1545 ஜனவரி 27 தேதியிட்ட கொச்சிக் கடிதத்தில் எழுதுகிறார். பூவாரிலிருந்து பள்ளம் வரை வரலாற்றாசிரியர்கள் தரும் ஊர்வரிசையில் தேங்காய்ப்பட்டணத்துக்கு அடுத்து இனயம் வருகிறது.

பத்தாயிரம் பேர் மனம் மாறிய கதை என்றுதான் இதைப் பக்தி நூல்கள் சொல்லும். போர்த்துக்கீசியரின் தயவு வேணாட்டு அரசருக்கும் வேண்டியிருந்தது, கரையில் இருந்தவர்களுக்கும் வேண்டியிருந்தது என்று வரலாறு சேர்த்துச் சொல்லும். எனக்கு இரண்டையும்விட முக்கியமாகப் படுவது அந்தக் கடிதத்தில் வரும் நடைமுறை விவரம். முதலில் ஆண்களையும் பையன்களையும் ஒன்றாகக் கூட்டுகிறார். சிலுவை அடையாளம், பாவமன்னிப்புச் செபம், விசுவாசப் பிரமாணம் எல்லாம் அவர்கள் மொழியிலேயே சொல்லப்படுகின்றன. தண்ணீர் வார்த்து முடிந்ததும் ஒவ்வொருவருக்கும் அவரவர் புதுப்பெயரை எழுதிக் கையில் கொடுக்கிறார். பிறகு அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டி பிள்ளைகளை அனுப்புகிறார்கள். அவர்களுக்கும் அதேபோல நடக்கிறது. பெயர் புதிது, வாய்க்கு வராத பெயர், மறந்துபோகும் என்பதால்தான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். அன்றைய கரையில் அது ஓலை நறுக்காகத்தான் இருந்திருக்கும். எழுத்து அதிகம் புழங்காத குடிசைகளுக்குள் எழுத்தாகப் போன முதல் பொருள் அநேகமாக அவரவர் பெயர்தான். அதற்கு முந்திய நாள்வரை அவர்களை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள்? பழைய பெயர் ஒன்றுகூட அந்தக் கடிதத்தில் இல்லை.

இதில் ஒரு முரண் உண்டு. பத்தாயிரம் பேருக்குப் பெயர் கொடுத்தவர் தம் பெயரைக் கொடுத்திருக்க வழியில்லை. அன்றைக்குச் சேவியர் ஒரு புனிதரின் பெயர் கிடையாது. அவருடைய ஊர்தான் அது. 1544 டிசம்பரில் இனயத்தில் பேதுருக்களும் யோவான்களும் தோமாக்களும் திடீரென்று பெருகியிருக்கலாம். சேவியர் என்று ஒருவரும் இருந்திருக்க மாட்டார்.

அந்தக் காலத்தில் வேறெங்காவது சேவியர் என்று ஒருவர் தென்பட்டால் அவர் உறவினர் என்றே கொள்ளலாம். அப்படித் தென்படுகிறவர் ஜெரோம் சேவியர். 1549இல் பிறந்தவர், பிரான்சிஸின் சகோதரி வழிப் பேரன். இவருடைய சொந்தக் குடும்பப்பெயர் எஸ்பெலேத்தா. இயேசு சபையில் சேர்ந்து பாட்டனாரின் பெயரை எடுத்துக்கொண்டார். 1595இல் லாகூரில் அக்பரின் அவைக்குப் போனார், பாரசீகம் கற்றார், இயேசுவின் வாழ்க்கையைப் பாரசீகத்தில் எழுதி 1602இல் அக்பருக்குக் கொடுத்தார். 'மிராத் அல்-குத்ஸ்' என்ற அந்த நூலுக்கு முகலாய ஓவியர்கள் படம் வரைந்தார்கள். படங்களோடு ஒரு பிரதி இன்று அமெரிக்காவின் கிளீவ்லண்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஜஹாங்கீர் காலத்திலும் அவையில் இருந்துவிட்டு 1617இல் கோவாவில் இறந்தார். அக்பரோடு வாதாடியவர் நம் சவேரியார்தான் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. பிரான்சிஸ் 1552 டிசம்பர் 3 அன்று சீனக் கரைக்கு எதிரே சாங்சுவான் தீவில் இறந்தபோது அக்பருக்கு வயது பத்து. ஒரே பெயர் இரண்டு பேரை எவ்வளவு சுலபமாக ஒட்டிவிடுகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டாம். பெரியவரின் நிழலில் சின்னவர் காணாமல் போய்விட்டார். பாரசீகத்தில் ஒரு நூலே எழுதியவருக்கு இது அநியாயம்தான்.

1619இல் பிரான்சிஸ் சேவியருக்கு அருளாளர் பட்டம் கிடைத்தது. 1622 மார்ச் 12 அன்று இஞ்ஞாசியார், அவிலா தெரேசா, பிலிப் நேரி, உழவரான இசிதோர் ஆகியோரோடு புனிதர் பட்டமும் கிடைத்தது. பெயரின் வரலாற்றில் இதுதான் வாசல். இதற்கு முன் வரும் சேவியர் சொந்தக்காரர், இதற்குப் பின் வருகிறவர் பக்தர் வீட்டுப் பிள்ளை. ஆளைப் பற்றி வேறொன்றும் தெரியாவிட்டாலும், அவர் பிறந்த இடத்தில் இயேசு சபையின் கல்லூரியோ கோவிலோ பக்தியோ எட்டியிருக்கிறது என்று துணிந்து சொல்லலாம்.

ஆஸ்திரியாவைப் பாருங்கள். மோட்சார்ட் முடிக்காமல் விட்ட ரெக்வியத்தை முடித்துக் கொடுத்த மாணவர் பிரான்ஸ் சேவியர் சூஸ்மையர். மோட்சார்ட்டின் கடைசி மகன் பிரான்ஸ் சேவியர் வொல்ப்காங். ஓபர்ன்டோர்ப் என்ற சிற்றூரில் 1818 கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில் முதன்முதலாகப் பாடப்பட்ட 'சைலன்ட் நைட்' பாட்டுக்கு இசையமைத்த பள்ளி ஆசிரியர் பிரான்ஸ் சேவியர் குரூபர். இனயத்தில் ஆண்டுதோறும் நடுச்சாமப் பூசையில் அந்த மெட்டைப் பாடும் சேவியர்களுக்கு, மெட்டுக்கு உடையவரும் ஒரு சேவியர் என்று தெரிந்திருக்க நியாயமில்லை. பிரான்சில், உடலின் உறுப்புகளை 21 வகைத் திசுக்களாகப் பிரித்துக் காட்டி, முப்பது வயதில் 1802இல் இறந்த மருத்துவர் மரி பிரான்சுவா சேவியர் பிஷா. மெக்சிகோவில், இயேசு சபையினர் நாடு கடத்தப்பட்ட பின் இத்தாலியில் உட்கார்ந்து தன் நாட்டின் பழைய வரலாற்றை எழுதிய பிரான்சிஸ்கோ சேவியர் கிளாவிஹேரோ. ஸ்பானிய மொழியில் 'ஹாவியர்' என்று ஒலிக்கும் இவர்களையும் சேர்த்தால் கணக்கு எங்கோ போய்விடும். ஐ.நா. பொதுச் செயலாளராக 1982 முதல் 1991 வரை இருந்த பெருநாட்டுக்காரர் பெரெஸ் தெ கெய்யாரும் ஒரு ஹாவியர்தான்.

பிரேசில்காரர் ஒருவரை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். முழுப்பெயர் ஜோவாக்கிம் ஜோசே ட சில்வா சேவியர். போர்த்துக்கீசிய ஆட்சிக்கு எதிராகச் சதி செய்ததாக 1792 ஏப்ரல் 21 அன்று ரியோவில் தூக்கிலிடப்பட்டார். அந்த நாள் இன்று பிரேசிலில் தேசிய விடுமுறை. ஆனால் காலண்டரில் அச்சாவது 'டிராடென்டஸ்' என்ற அவருடைய வட்டப்பேர். பல்லுப்பிடுங்கி என்று அர்த்தம். அந்த வேலையும் அவர் பார்த்ததால் வந்தது. ஞானஸ்நானப் பெயர் ஊருக்குள் எடுபடாமல் தொழிலோ அங்க அடையாளமோ பெயராக நிலைப்பதைக் கேலி என்று நினைப்பவர்கள் இனயத்துக்கு வந்து ஒரு நாள் இருந்து பார்க்கலாம். சேவியர்கள் பெருகிய இடத்தில் வட்டப்பேர் மரியாதைக் குறைவு இல்லை, அவசியத் தேவை. அது ஒரு தியாகியின் பெயராகவே நின்றும் போகும்.

பெண்களில் புகழ்பெற்றவர் பிரான்செஸ் சேவியர் கப்ரினி. இத்தாலியில் 1850இல் பிறந்து, கீழ்த்திசைக்கு மறைபரப்பப் போகும் ஆசையில் சேவியரின் பெயரைத் தானே ஏற்றுக்கொண்டார். கிழக்கே வேண்டாம், மேற்கே போ என்று திருத்தந்தை 13ஆம் லியோ திருப்பிவிட, 1889இல் நியூயார்க் போய்ப் புலம்பெயர்ந்த இத்தாலியர்களுக்காகப் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டினார். 1946இல் புனிதரானார், அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களில் முதல் புனிதர் அவர். நம் பக்கத்து சவேரியம்மாள்களும் சவேரியாயிகளும் இவருக்கு முன்பே இருந்தவர்கள்.

தமிழுக்குள் வந்தபோது இந்தப் பெயர் முதலில் மாறியது, பிறகுதான் பரவியது. போர்த்துக்கீசிய ஒலிப்பில் காதில் விழுந்ததோடு 'ஆர்' விகுதி சேர்ந்து சவேரியார். அதிலிருந்து சவரி. சவரியோடு முத்துவும் ராயனும் சேர்ந்து சவரிமுத்து, சவரிராயன். இந்த வடிவங்கள் வந்துவிட்ட பிறகு பெயர் வெளியூர்க்காரர் சாமான் என்ற நினைப்பே போய்விட்டது. 1879இல் வெளியான 'பிரதாப முதலியார் சரித்திரம்' எழுதிய மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் தந்தை பெயர் சவரிமுத்து. தமிழாராய்ச்சிக்கு 'தமிழியன் ஆன்டிகுவரி' இதழை நடத்தியவர் பண்டிதர் சவரிராயர். இவர்களைவிட எனக்கு வியப்பு பாளையங்கோட்டை சவரிராயன் ஏசுதாசன் விஷயத்தில். 1921இல் பார்ஸ்டர் பேட்டனோடு சேர்ந்து திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமம் தொடங்கிய மருத்துவர் அவர். ஆசிரமம் புரோட்டஸ்டன்ட் வழியில் வந்தது. புனிதர் வணக்கத்தை ஏற்காத மரபில் ஒரு கத்தோலிக்கப் புனிதரின் பெயர் எந்தச் சங்கடமும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறது. வேதம் மாறினாலும் தாத்தா பெயரை யாரும் விடுவதில்லை.

தமிழர்களில் சேவியர் என்ற பெயருக்கு முழுத் தகுதியோடு நிற்பவர் தனிநாயகம் அடிகள். யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறையை அடுத்த கரம்பனில் 1913 ஆகஸ்ட் 2 அன்று பிறந்தவர். வைத்த பெயரில் சேவியரும் ஸ்தனிஸ்லாஸும் இருந்தன. தனிநாயகம் பின்னால் அவரே சேர்த்துக்கொண்டது. ரோமில் படித்துக் குருவானவர், நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் பள்ளி ஆசிரியராக இருந்தபோதுதான் தமிழை முறையாகப் படிக்க உட்கார்ந்தார். (நட்டாலத்து நீலகண்ட பிள்ளை 1745இல் தேவசகாயம் என்று பெயர் பெற்றதும் இதே வடக்கன்குளத்தில்தான். பெயர் மாற்றத்துக்கு ராசியான ஊர் போலிருக்கிறது.) பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தார். 1952இல் 'தமிழ் கல்ச்சர்' என்ற ஆங்கில ஆய்விதழ் தொடங்கினார். 1964இல் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்றார். 1966இல் கோலாலம்பூரில் முதல் உலகத் தமிழ் மாநாட்டை நடத்தினார். 1980இல் இறந்தார்.

அவருடைய பணிகளில் நம் கதையோடு நேராக முட்டுவது ஒன்று. 16ஆம் நூற்றாண்டில் அச்சான முதல் தமிழ் நூல்களை ஐரோப்பிய நூலகங்களில் தேடிப் பார்த்து, அவற்றைப் பற்றி எழுதித் தமிழாய்வாளர்களின் கவனத்துக்குக் கொண்டுவந்தவர்களில் அவர் முக்கியமானவர். அவற்றுள் ஒன்றான 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் தமிழ் எழுத்தில் அச்சேறியது. தமிழாக்கியவர் அண்டிரிக் அடிகளார் என்ற ஹென்ரிக் ஹென்ரிக்கஸ்; பிரான்சிஸ் சேவியர் முத்துக்குளித்துறையில் தொடங்கிவைத்த வேலையைக் கையில் எடுத்து நடத்தியவர். முதல் சேவியர் விட்டுப்போன பணியில் விளைந்த அச்சுப் புத்தகங்களை நானூறு ஆண்டுகள் கழித்துத் தமிழ்ச் சேவியர் ஒருவர் தேடிப் போயிருக்கிறார். சேவியர்களின் பட்டியலில் ஒருவருக்கும் இன்னொருவருக்கும் இவ்வளவு நேரடியான தொடர்பு, ஜெரோமை விட்டால், இங்கேதான் உண்டு.

'எந்த?' என்ற கேள்வி இனயத்தோடு நின்றுவிடவில்லை. 2013 மார்ச் 13 அன்று பெர்கோலியோ திருத்தந்தையாகி பிரான்சிஸ் என்ற பெயரைத் தேர்ந்தபோது உலகமே அதைக் கேட்டது. ஆள் இயேசு சபைக்காரர், ஆகவே சேவியராக இருக்கலாம் என்று பலர் எண்ணினார்கள். மூன்று நாள் கழித்துப் பத்திரிகையாளர்களைச் சந்தித்தபோது, அசிசியார்தான் என்று அவரே தெளிவுபடுத்தினார்.

இப்போதைய புகழ்பெற்றவர்களை விரைவாகக் கடந்துவிடலாம். லக்சம்பர்க்கின் முன்னாள் பிரதமர் சேவியர் பெட்டல். இந்திய வேரும் உள்ள ஜெர்மன் பாடகர் சேவியர் நைடூ. காமிக்ஸில் வரும் பேராசிரியர் சார்லஸ் சேவியர். பந்தாட்டம்தான் இங்கே ருசி. குமரிக் கடற்கரைக்குக் கால்பந்துப் பைத்தியம் உண்டு. பார்சிலோனாவின் ஸாவி, லிவர்பூலிலும் மாட்ரிட்டிலும் ஆடிய ஸாபி அலோன்சோ, அர்ஜென்டினாவின் ஹாவியர் மாஸ்கெரானோ ஆகியோரின் பெயர் போட்ட சட்டையோடு மணலில் ஓடுகிற பையனுக்கு, அது வீட்டுத் திண்ணையில் வலை பொத்திக்கொண்டிருக்கும் தாத்தாவின் பெயர் என்று தோன்றாது.

பெயர் இப்படிப் பெருகியதற்குப் பக்தி மட்டும் காரணம் இல்லை. தலைமகனுக்கு அப்பா வழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மா வழித் தாத்தா பெயர் என்று வைக்கும் வழக்கம் இருக்கிறது. ஒரு தாத்தா சேவியராக இருந்து அவருக்கு நான்கு மகன்கள் இருந்துவிட்டால், அடுத்த தலைமுறையில் ஒரே வீட்டுக்குள் நான்கு சேவியர்கள். டிசம்பர் 3 கோட்டாறு சவேரியார் திருவிழாவுக்கு மாவட்டத்துக்கே உள்ளூர் விடுமுறை. அதை ஒட்டிப் பிறந்த பிள்ளைக்கு வேறு பெயர் யோசிக்கவே விட மாட்டார்கள். இதற்கு மேல் திருச்சபைச் சட்டமும் இருந்தது. திருமுழுக்கில் கிறிஸ்தவப் பெயரே இடப்பட வேண்டும், பெற்றோர் பிடிவாதம் பிடித்தால் அவர்கள் சொல்லும் பெயரோடு ஒரு புனிதர் பெயரையும் பதிவேட்டில் சேர்த்து எழுத வேண்டும் என்று 1917ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு சொன்னது. 1983இன் புதிய தொகுப்பு இதைத் தளர்த்தியது. கிறிஸ்தவ உணர்வுக்கு ஒவ்வாத பெயராக இல்லாமல் இருந்தால் போதும். இந்தத் தளர்வோடு பள்ளிப் படிப்பும் வளைகுடாப் பணமும் சேர்ந்தன. யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்ற வேட்கை வந்தது. இன்று ஞானஸ்நானத்துக்கு வரும் குழந்தைகளில் பலருக்கு, அப்பா பெயரில் ஓர் எழுத்தும் அம்மா பெயரில் ஓர் எழுத்துமாகச் சேர்த்துத் தைத்த பெயர்தான். தாத்தாவால் அதைக் கூப்பிட முடிவதில்லை, அது வேறு கதை.

ஒரே பெயர் ஊருக்குள் தொல்லை இல்லை, காகிதத்தில்தான் தொல்லை. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் அடித்தபோது, கடலில் போனவர் யார் யார், கரை சேர்ந்தவர் யார் யார் என்று பட்டியல் எடுக்க வேண்டி வந்தது. பெயரும் தந்தை பெயரும் ஊரும் ஒத்துப்போகும் கரையில் அது லேசான வேலை இல்லை. படகின் பெயர், மனைவியின் பெயர், வீட்டு எண் என்று கேட்டுக்கொண்டே போனால்தான் ஆள் தெளிவார். ஊர் இதையெல்லாம் ஒரு வட்டப்பேரில் முடித்துவிடும், ஆனால் அரசாங்கப் படிவத்தில் வட்டப்பேருக்குக் கட்டம் கிடையாது.

பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயருக்குக் கட்டம் உண்டு. முத்துக்குளித்துறைப் பரதவர்களுக்கு பெர்னாண்டோ, கோமஸ் என்று எழுத ஏதாவது இருக்கிறது. மேற்குக் கரை முக்குவர்களிடம் அந்த வழக்கம் பெரிதாக ஊன்றவில்லை, தலைப்பெழுத்தோடு சரி. வளைகுடாவுக்குப் போகிறவர் அப்பாவின் பெயரை அந்தக் கட்டத்தில் எழுதிவிடுகிறார். அங்கே மீன்பிடிக்கப் போன இனயத்துப் பையனை அரபு முதலாளி கட்டத்தில் உள்ளபடி சேவியர் என்று கூப்பிடுகிறார். அது அவன் அப்பாவைக் கூப்பிடுவது. அதே படகில் இன்னொரு சேவியரின் மகனும் இருந்துவிட்டால், அங்கேயும் வட்டப்பேர் வைத்தாக வேண்டும்.